லுக்குக்கு ஒரு பின்சீட்

என் பிள்ளை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். நூறு சிசி. வாங்கிய நாளிலிருந்து அதன் பின்சீட் என்னுடையது. மருமகள் வந்த பிறகு கொஞ்ச காலம் அவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஸ்கூலில் டீச்சர் வேலை கிடைத்து ஷேர் ஆட்டோ பழகியதும் சீட் மறுபடி எனக்கே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த சீட்டில் என் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. வேறு யார் உட்கார்ந்தாலும் இடிக்கும்.

நான் ஸ்கூலுக்குப் போனது ரொம்பக் கொஞ்சம். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எழுதவும் வரும், இதை அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. என்னைப் படிக்கவைத்தது இந்த வண்டிதான். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தால் இடது பக்கத்துக் கடைகள் எல்லாம் எனக்கு எதிரே வரும். செம்பாக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிற நேரத்துக்குள் பல் டாக்டர் போர்டை மேலிருந்து கீழ்வரை முடித்துவிடுவேன். அவர் என்னென்ன பல்லுக்கு என்னென்ன செய்வார் என்று அவர் சம்சாரத்துக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

இந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆம்பிளைக்கு நாற்பது தாண்டினால் சர்க்கரை வரும், அல்லது பக்தி வரும். என் பிள்ளைக்கு வண்டி ஆசை வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் நானூறு சிசியில் ஒன்று வாங்கினாராம். அன்றிலிருந்து இவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுகிற ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தான். முகத்தைக் காட்டாமல் பேசுகிறவன் பேச்சை நம்பாதே என்று சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை.

“இது பிகினர் வண்டிம்மா. கத்துக்குறவங்க ஓட்டறது” என்றான்.

இத்தனை வருஷம் ஓட்டியும் கற்றுக்கொண்டு முடிக்கவில்லையென்றால் அது வண்டியின் குற்றமா என்று கேட்டேன். ஹைவேயில் முந்துவதற்கு சக்தி போதவில்லை என்றான். அவன் ஆபீஸ் கிண்டியில். வீட்டிலிருந்து கிண்டிக்குப் போகிற வழியில் அவன் யாரை முந்த வேண்டும்? தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் நடந்து போகிறவர்கள்தான் அவனை முந்துகிறார்கள். டார்க் என்று ஒன்று உண்டாம், இழுக்கிற பலமாம். எங்கள் வீட்டில் அது மருமகளிடம் இருக்கிறது, வாங்கத் தேவையில்லை.

மருமகள் சண்டை போடவில்லை. டீச்சர் அல்லவா, பரீட்சை வைத்தாள். “முதல்ல அத்தைய உக்கார வச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அவங்களுக்கு சரியா இருந்தா வாங்கிக்குங்க” என்றாள். நான் ஏற மாட்டேன் என்பது அவள் கணக்கு. அம்மா எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை என்பது அவன் கணக்கு. அவரவர் தராசுக்கு நான் படிக்கல்.

என் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு போக்கு உண்டு. காலையில் மாடம்பாக்கம் சிவன் கோவில், அங்கிருந்து கோவிலம்பாக்கத்தில் என் தங்கச்சி வீடு. இந்தப் பெரிய வண்டியில் ஏற முடியாது என்று சொன்னால் பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே விழுந்த கிழவி ஆவேன். சொல்லாவிட்டால் வண்டி வரும், அதில் என்னால் உட்கார முடியாமல் போகும், ‘பாவம், அம்மாவுக்கு முடியல’ என்று செல்போனில் ஆட்டோ பிடித்து ஏற்றி விடுவார்கள். ஒருவர் கூப்பிட்டு, ஒருவர் ஏற்றி, யார் வீட்டில் இறக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புவதற்கு நான் கூரியர் தபாலா? என் சீட் போகக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியை இரவல் கொடுத்தார். கறுப்பாக, முன்பக்கம் பெருத்து, பின்பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்சீட் ஒரு செங்கல் அகலம், என் மார்புக்குக் கொஞ்சம் கீழே. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இடது பக்கம் கம்பி இருக்குமே, சேலை கார்டு, அது இல்லை. அழகு கெடுகிறது என்று நண்பர் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டாராம். வண்டிக்கு அழகு, பின்னால் இருக்கிறவளுக்குச் சக்கரம்.

ஏறுவதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. எங்கள் தெருவில் ரோடு போடுகிற ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நாங்களும் வாசலை உயர்த்தி ரேம்ப் கட்டியிருக்கிறோம். அதன் மேல்முனையில் நின்றுகொண்டு வண்டியை ஒட்டி நிறுத்தச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்துக் கழுத்தோடு முடிந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். முந்தானையை இழுத்துச் செருகி, பாவாடையையும் சேலையையும் சேர்த்து முழங்காலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டேன். மருமகள் கதவருகே நின்று பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வண்டி கிளம்பியது என்று சொல்ல ஆசைதான். உறுமியது. வேளச்சேரி ரோட்டைத் தொட்டதும் முன்னால் தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் ஒரு மாடு. மாட்டுக்கு எத்தனை சிசி என்று தெரியாது, அது போன வேகத்தில்தான் நாங்கள் எல்லோரும் போனோம். நின்ற இடத்தில் இவ்வளவு சத்தம் போடுகிற வண்டியை நான் பார்த்ததில்லை. எஞ்சின் சூடு காலில் அடித்தது. அந்தச் சூட்டில் ஒரு தோசை வார்க்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓரிடத்தில் ரோடு காலியாகக் கிடைத்தது. பிள்ளை முறுக்கினான். வயிறு பின்னால் தங்கிவிட்டது, நான் முன்னால் போய்விட்டேன். போர்டுகள் எல்லாம் ஒரே வண்ணமாக ஓடின, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. நன்றாக இருந்தது. அடுத்த சிக்னலில் நின்றபோது எங்கள் பழைய வண்டி மாதிரியே ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு அரிசி மூட்டை.

மாடம்பாக்கம் கோவில் வாசலில் நிறுத்தினான். அப்போதுதான் கீழே பார்த்தேன். ரேம்ப் வீட்டில் இருந்தது. இங்கே தரை வெகு தூரத்தில் இருந்தது. குதித்தால் முட்டி போகும். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சறுக்கினால் இருவரோடு இரவல் வண்டியும் சாயும். ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை என்று வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லவா?

“நீ போயிட்டு வாம்மா. வேற ஆளு வண்டி, நான் விட்டுட்டு வர முடியாது” என்றான்.

இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

பூ விற்கிறவள் என்னை வெகு நாளாக அறிந்தவள். ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, உற்சவர் மாரி மேலயே குந்திகினு கீற? உள்ள போவல?” என்றாள். உற்சவர் வாகனத்தை விட்டு எப்போது இறங்கினார் என்று கேட்டுக் கெத்தாகப் பூவை வாங்கிக்கொண்டேன். சாமி உள்ளே அவர் இடத்தில், நான் வெளியே என் இடத்தில். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோவிலம்பாக்கத்தில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தங்கச்சி எனக்காக ஆப்பம் ஊற்றித் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்திருப்பாள். சத்தம் கேட்டு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அசையவில்லை. நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

“வூட்டாண்ட வந்துட்டு உள்ள வர மாட்டியா?”

கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். எனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாதா. உள்ளே போய் டம்ளரில் காபி கொண்டு வந்து நீட்டினாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குடித்தேன்.

“பவுசு வந்தா குட புடிப்பாங்கன்னு கேட்டுகிறேன். ஹெல்மெட்டோட காபி குடிக்கறத இன்னிக்குத்தான்கா பாக்குறேன்” என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். சாத்திய சத்தம் வண்டிச் சத்தத்தை விடப் பெரிது.

வீட்டுக்கு வந்து ரேம்ப் மேல் ராணி மாதிரி இறங்கினேன். பிள்ளை உள்ளே நுழையும்போதே மருமகளிடம் சொல்லிக்கொண்டு போனான்: அம்மாவுக்கு வண்டி அவ்வளவு பிடித்துவிட்டது, கோவிலில் இறங்கவில்லை, சித்தி வீட்டில் இறங்கவில்லை, இறங்கவே மனசு வரவில்லை. அவன் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது.

மருமகள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குளிக்கப் போன பிறகு, காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “இறங்க மனசு வரலையா அத்தை, இறங்க வரலையா?”

“வரலன்னு யார் சொன்னது?”

“நான் சொல்லல. சாமி பாக்காம நீங்க வந்ததே இல்ல, அதான் கேட்டேன்.”

எழுந்து போனேன். இந்த டீச்சர்கள் கேள்வியிலேயே விடையை வைத்துவிடுவார்கள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவள் பேத்தி எடுத்து, ஆயா வேலையாக இருக்கிறாள் என்றது. பின்னால் அவள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது. கொடுத்த சாக்கு அப்படியே திரும்பி வந்தது. அந்த வாரம் முழுவதும் சோறு ருசிக்கவில்லை. பிள்ளையோ வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டான். நீலமா கறுப்பா என்று என்னிடமே கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான், பழைய வண்டியில்தான். நான் கைராசிக்காரி, நான் தொட்டு முன்பதிவு செய்ய வேண்டுமாம். உள்ளே குளுகுளு என்று இருந்தது. டை கட்டிய பிள்ளை ஒருவர் வந்தார். வண்டியின் மூக்கைத் தடவினார், வயிற்றைத் தட்டினார், கால் மணி நேரம் முன்பக்கத்தைப் பற்றியே பேசினார். பின்னால் யாராவது உட்கார்ந்தால் எப்படி இறங்குவது என்று கேட்டேன்.

“இந்த வண்டில பின்னாடி அவ்வளவா யாரும் உக்கார மாட்டாங்க மேடம்.”

“அப்ப பின்னாடி எதுக்குப்பா சீட்டு?”

“அது லுக்குக்கு மேடம்.”

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஏசியில் எனக்கு வேர்த்தது. போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் முழுக்க லுக்குக்கு உட்கார்ந்திருந்தவள் நான். கோவிலுக்கு லுக், தங்கச்சிக்கு லுக்.

பிள்ளை பக்கம் திரும்பினேன். “அன்னிக்கு நான் மனசு வராம உக்காந்திருக்கலடா. எனக்கு எறங்க வரல.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செங்கல் அகல சீட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என் முட்டியைப் பார்த்தான். சித்தி வீட்டிலும் அதனாலா என்றான். ஆமாம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. அந்த வீம்பு அவனிடமும் இருக்கிறது.

டை கட்டிய பிள்ளை விடவில்லை. சேலை கார்டு போட்டுக் கொடுக்கலாம், கைப்பிடி போடலாம் என்றார். நான் என் பங்குக்கு ஒரு வழி சொன்னேன்: ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம், போகிற இடத்தில் போட்டு இறங்கிக்கொள்கிறேன், எனக்குப் பரவாயில்லை, நீ வாங்கிக்கொள். மனதாரத்தான் சொன்னேன். அந்த அரை நிமிஷ வேகம் எனக்கும் பிடித்திருந்ததே. டை கட்டிய பிள்ளை வண்டியின் வாலைப் பார்த்தார், ஸ்டூலை நினைத்தார் போல, முகம் சுருங்கிவிட்டது. என் பிள்ளை அந்த வண்டியைக் கண்ணாடி வழியாக வெயிலில் நிற்கிற எங்கள் நூறு சிசியோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தான்.

“யோசிச்சு சொல்றேங்க” என்றான்.

வெளியே வந்து வண்டியை எடுத்தவன் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கோவிலம்பாக்கம் பக்கம் திருப்பினான். வழியில் நின்ற இடத்தில் எல்லாம் போர்டு படித்துக்கொண்டே போனேன்.

தங்கச்சி கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு திறக்காமல் கேட்டாள்: “இன்னா, இன்னிக்கு எறங்க நல்ல நேரம் பாத்துகினு வந்தியா?”

வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கிவிட்டேன். கேட்டருகே போய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அந்த வண்டி ஒசரம்டி. எறங்க வரல” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இத்த அன்னிக்கே சொன்னா கிரீடம் எறங்கிடுமா? ஒரு வாரம் என்ன பேஜார் பண்ணிட்டியேக்கா” என்றாள். சிரிக்கவில்லை. உள்ளே போனாள். ஆப்பத்துக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நங்கென்று வைத்தாள். அப்புறம்தான் கேட்டைத் திறந்தாள்.

பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். சாப்பிடும்போது ஹெல்மெட்டுக்காரர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சீட் உயரம் குறைந்த மாடல் ஒன்று வரப்போகிறதாம். வரட்டும், பார்க்கலாம்.

ஸ்டூல் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வருவதற்கு முன்னால் அதைத் துடைத்துக் கேட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுகிறாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி. நானும் ஒவ்வொரு வாரமும் அதற்குப் பக்கத்திலேயே இறங்குகிறேன். தொடுவதில்லை.