பதினொரு பேரும் ஒரு முழங்காலும்

உதைபந்தாட்ட அணிக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பருவகாலம் முழுவதும் பதினொரு பேரை நிற்க வைப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதுதான், சிட்னியின் மேற்கே நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அதிபருக்குத் தெரியாது. பயிற்றுநருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அணியின் செயலாளர்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஆடிய சனிக்கிழமை லீக்கின் விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதை எழுதியவர்களே முழுக்க வாசித்திருக்க மாட்டார்கள். பின்னாளில் அரச அலுவலகமொன்றில் விதிமுறைகளோடே காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். அங்கே கண்டதும் கல்லூரியில் கண்டதும் ஒன்றுதான். விதி இல்லாமல் மனிதர்கள் கெடுவது குறைவு. இருக்கிற விதியைப் பாவிக்க வெட்கப்பட்டுக் கெடுவதுதான் அதிகம்.

பருவகாலம் தொடங்கும்போது எங்கள் பதிவில் பதினாறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் கோலாலம்பூருக்குத் திரும்பிப் போய்விட்டான். இன்னொருவன் குழுப்படத்துக்கு மட்டும் வந்தான். படத்தில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பவன் அவன்தான். மற்றொருவனுக்குச் சனிக்கிழமைகளில் மீன் கடையில் வேலை. மிச்சப் பேரில்தான் எங்கள் முழுப் பலமும் இருந்தது. இன்னும் நாலு பேரைச் சேருங்கள் என்று நான் அதிபரிடம் போய்ச் சொன்னேன். "வெல்லுகிற அணியை ஏன் தொடவேண்டும்?" என்று கேட்டார்.

உண்மைதான், வென்றுகொண்டிருந்தோம். காரணம் எங்கள் தலைவன். நானும் அவனும் ஹரிஸ் பார்க்கில் ஒரு பழைய செங்கல் வீட்டில் அறையைப் பகிர்ந்திருந்தோம். இப்போது தெருவெல்லாம் இனிப்புக் கடையாக இருக்கும் அந்த இடத்தில் அப்போது லெபனான்காரக் குடும்பங்கள். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், நில அளவை படிப்பில் இறுதி வருடம். களத்தின் நடுவில் நின்றால் அவனைத் தாண்டிப் பந்து போகாது. படிப்பிலும் கெட்டிக்காரன். அவனுக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: பருவகாலம் முடிந்ததும் நீலமலைப் பக்கம் நடக்கும் களப்பயிற்சி முகாம். கருவியைத் தோளில் சுமந்து, நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஏறி இறங்கவேண்டும். முகாம் இல்லையென்றால் பட்டயம் இல்லை. அவனுக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணமும் அந்த வருடத்தோடு முடிகிறது. இன்னொரு வருடம் தங்கிப் படிக்க வழி கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், அவனுடைய எதிர்காலம் இரண்டு முழங்கால்களில் நின்றது.

கல்லூரியின் புல்தரை ரக்பிக்காரர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு வாகனத் தரிப்பிடம். மாலையில் கார்கள் போன பிறகு, தாருக்கு மேல் பயிற்சி. பயிற்றுநர் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்து உலோகம் ஒட்டப் படிப்பித்த ஆசிரியர். தண்ணீர் குடிப்பது பலவீனம் என்றும், காயம் என்பது மனதில் இருப்பது என்றும் நம்புகிறவர். முதலில் ஒருவனின் கணுக்கால் போனது. பிறகு இடதுபக்கக் காவலன், ஒரு கிரேக்கப் பொடியன், அந்தத் தாரில் விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டான். பிறகு கோல்காப்பாளன். அவனுடைய விரலை உடைத்தது எதிரணி இல்லை. பயிற்சியில் பயிற்றுநரே அடித்த பந்து. "நல்ல அடி, என்ன?" என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு கோலுக்குள் நின்றது ஒரு மலேசியத் தமிழன். மூக்குக்கண்ணாடியை நூலால் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். மழை பெய்தால் அவனுக்குப் பந்தும் தெரியாது, நாங்களும் தெரியமாட்டோம்.

அப்படியும் புள்ளிப் பட்டியலில் மேலேதான் இருந்தோம். அந்த நிலையில்தான், ரயில்வே வேலைத்தல அணியோடு ஆடிய சேற்று மைதானத்தில், தலைவனின் வலது முழங்கால் திரும்பியது. கால் புதைந்து நிற்க உடம்பு மட்டும் சுழன்றதைக் கோட்டோரம் நின்று பார்த்தேன்.

"உள்ளுக்க டக் எண்டு ஒரு சத்தம் கேட்டது மச்சான்," என்றான் வீட்டுக்கு வந்து. முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

நான் நடைமுறையைச் சொன்னேன். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மாணவர் அட்டையைக் காட்டினால் போதும், எலும்பு மருத்துவர் பார்ப்பார். அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. ஓர் அணியில் நான்கு பேர் காயப்பட்டு, நான்கு பேருக்கும் டொக்டரின் கடிதத்தைப் புதன்கிழமைக்குள் கொடுத்தால், லீக் எங்கள் ஆட்டங்களை இரண்டு கிழமை தள்ளிவைக்கும். மூன்று பேரின் கடிதம் ஏற்கெனவே என் கையில். அவனுடையது நான்காவது. இரண்டு கிழமையில் மற்றவர்கள் தேறிவிடுவார்கள், அவனும் காலைப் பார்த்துக்கொள்ளலாம். விதி எங்களுக்காகவே எழுதி வைத்ததுபோல இருந்தது.

"ஆஸ்பத்திரி என்னத்துக்கு? டொக்டர் அண்ணை இருக்கிறார்தானே," என்றான் அவன்.

இந்த டொக்டர் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹோம்புஷ்ஷில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அவனுடைய ஊர்க்காரர். அவருடைய மனைவி அவனுடைய தாய்க்கு ஏதோ ஒரு முறையில் மச்சாள் மகள். சிட்னியில் அப்போது எங்களுக்கென்று இருந்த டொக்டர் அவர் ஒருவர்தான். தடிமன் காய்ச்சலா, வயிற்றுக்குத்தா, விசாப் பிரச்சினையா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பாடு. நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் கண் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார் என்பதுதான் சிக்கல்.

ஞாயிறு அவர் வீட்டுக் கதிரையில் அவனை இருத்தி, முழங்காலை இரண்டு தரம் மடக்கி, இரண்டு தரம் நீட்டினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டுமில்லைத் தம்பி. நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கு. உப்பு ஒத்தடம் குடு. நல்லெண்ணெய் போட்டு உருவு. சனிக்கிழமை விளையாடலாம்."

"அண்ணை, அது முழங்கால். கண் இல்லை," என்றேன் நான்.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி வாய்விட்டுச் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. "நீ என்ன படிக்கிறனீ?" என்று கேட்டார். கணக்கியல் என்றேன். "அப்ப கணக்கைப் பார்," என்றார்.

நான் விடவில்லை. "அண்ணை, விளையாடலாமோ இல்லையோ, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. ஆட்டத்தைத் தள்ளிப்போடலாம்."

"காயமில்லாத ஆளுக்குக் காயமெண்டு நான் எப்பிடி எழுதுறது? நான் டொக்டரோ, கள்ளக் கையெழுத்துக்காரனோ?"

நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்கு அதில் ஒரு துளி செலவழித்திருக்கலாம்.

ரயிலில் திரும்பும்போது மறுபடியும் சொன்னேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். அவருக்குத் தெரியத் தேவையில்லை."

"தெரியாமல் இருக்குமோடா? ஆரோ ஒருத்தன் சொல்லுவான். அவர் பார்த்த காலை இன்னொருத்தனிட்டைக் காட்டினால் அவர் என்ன நினைப்பார்? பிறகு அந்த வீட்டுக்கு நான் என்ன முகத்தோட போறது?"

"கால் போனால் முகத்தை வைச்சு என்ன செய்யப் போறாய்? முகத்தாலையோ மலை ஏறப் போறாய்?"

"நீ சும்மா இரு."

இதுதான் எங்கள் ஆட்களின் வியாதி. வெள்ளைக்கார டொக்டர் சொன்னது பிடிக்காவிட்டால் இன்னொரு வெள்ளைக்காரனிடம் போவோம், அவன் முகம் சுளித்தால் எங்களுக்கென்ன. எங்கள் டொக்டர் பிழையாகச் சொன்னாலும் அதன்படி நடப்போம். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். நான்காவது கடிதம் இல்லாமல் புதன்கிழமை வந்து போனது. லீக் அலுவலகத்தில் நான் கொடுக்க இருந்த மூன்று கடிதங்களும் என் சட்டைப் பையிலேயே கசங்கின.

சனிக்கிழமை முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினான். அடுத்த சனிக்கிழமையும். உப்பு ஒத்தட மணமும் நல்லெண்ணெய் மணமும் எங்கள் அறையை விட்டுப் போகவில்லை. காலையில் கட்டிலிலிருந்து எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவான். அவன் ஓடமாட்டாமல் நிற்க, அவனுடைய ஓட்டத்தையும் மற்றவர்கள் ஓடினார்கள். அதனால் அவர்களுடைய தொடைகளும் பிடித்துக்கொண்டன. ஒரு காயத்துக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அது மற்றவர்களுக்கும் பரவும் என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. பயிற்றுநருக்கோ பரம சந்தோசம். "இவன்தான் ஆம்பிளை," என்று மற்றவர்களுக்குக் காட்டினார். அவனை ஒரு ஆட்டமாவது வெளியே இருத்தும்படி கேட்டேன். "யாரைப் போடுவது? உன்னையா?" என்றார். மாற்று ஆட்கள் இருக்கவேண்டிய வாங்கில் ஒருவரும் இல்லை. அதிபர் தொடமாட்டேன் என்ற அணியின் இலட்சணம் அது.

இறுதிச் சுற்றுக்குப் போக ஒரு சமநிலை போதும் என்ற ஆட்டத்துக்கு ஒன்பது பேரோடு இறங்கினோம். எதிரணி அச்சகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். டொக்டர் அண்ணையும் வந்திருந்தார், நீண்ட குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக, மனைவியோடு. பாதி நேரம்வரை ஒரு கோலும் விழவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரன் அன்று கடவுள் போல நின்றான்.

பாதி நேரத்துக்குப் பிறகு ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். அடுத்து எங்கள் தலைவன் பந்தை மறிக்கத் திரும்பினான். அவனை ஒருவரும் தொடவில்லை. கால் மட்டும் அவனுக்குக் கீழே இல்லாமல் போனது. சத்தம் போடும் ஆள் இல்லை அவன்; அன்று மைதானம் முழுவதற்கும் கேட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்ற டொக்டர் அண்ணை கையை வாயில் குவித்துக் கத்தினார்: "எழும்பு தம்பி! ஒண்டுமில்லை, எழும்பு!"

அவன் எழும்ப முயன்றான். அதுதான் என்னால் மறக்க முடியாதது. புல்லைக் கையால் பற்றிக்கொண்டு உண்மையாகவே எழும்பப் பார்த்தான்.

அவனைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது களத்தில் ஏழு பேர். கணுக்காலில் கட்டோடு ஆடிய ஒருவன் தானும் முடியாது என்று புல்லில் உட்கார்ந்தான். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. நடுவர் ஊதினார், லீக் அதைத் தோல்வியாகப் பதிந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு ஆட்களே சேரவில்லை. பருவகாலம் அங்கேயே முடிந்தது. பயிற்றுநர் வலையை மடித்துக்கொண்டே, "எல்லாம் மனதில் இருக்கிறது," என்றார். அவரோடு நான் பேசிய கடைசி நாள் அது. பேசியது அச்சில் போடக்கூடியது அல்ல.

ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் ஒரு இளம் பெண். தசைநார் பல கிழமைகளுக்கு முன்பே அறுந்துவிட்டது என்றும், அதற்கு மேல் ஓடியோடி உள்ளே இருந்த குருத்தெலும்பும் நொறுங்கிவிட்டது என்றும் சொன்னார். முதல் கிழமையே வந்திருந்தால் வேறு கதை. "இதை முதலில் யார் பார்த்தார்கள்?" என்று கேட்டார்.

"ஒருவரும் பார்க்கவில்லை," என்றான் அவன், சுத்தமான ஆங்கிலத்தில்.

அடுத்த நாள் டொக்டர் அண்ணை மனைவியோடு வார்டுக்கு வந்தார். அடுக்குச் சட்டியில் சோறும் மீன்குழம்பும். கட்டிலடியில் தொங்கிய அறிக்கையை எடுத்து நெடுநேரம் வாசித்தார். முகம் வெளிறியதைக் கண்டேன். இப்போதாவது ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நான் அப்பவே சொன்னனான்தானே தம்பி, விளையாடாமல் ஆறுதல் எடு எண்டு," என்றார்.

"ஓம் அண்ணை."

"எப்ப சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன். "எந்த ஞாயிற்றுக்கிழமை?"

பக்கத்துக் கட்டில் கிழவர்கூட வானொலியைக் குறைத்தார். டொக்டரின் மனைவி என்னைப் பார்க்காமல் சட்டியின் மூடியைத் திறந்தார். "தம்பி, சாப்பாடு ஆறுது," என்றார். தலைவன் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் வெளியே போய் நின்றேன்.

முகாமுக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஊன்றுகோலை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்தான். துறைத்தலைவர் மருத்துவக் கடிதம் கேட்கும் ஆள் இல்லை. அவருக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. நில அளவைக் கருவிகளைக் கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் வைத்திருந்தார்கள். "மேலே போய் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு வா," என்றார்.

நான் கீழே நின்றேன். கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினான். வளைவுகளில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. மாடிக் கதவு திறந்து மூடியது. துறைத்தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. பிறகு படியின் உச்சியில் கருவிப்பெட்டியோடு வந்து நின்றான். ஒரு படி இறங்க வலது காலை நீட்டினான். திரும்ப எடுத்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடது காலை நீட்டிப் பார்த்தான். துறைத்தலைவர் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"மச்சான், வந்து பிடி," என்று மேலிருந்து குரல் வந்தது.

ஏறிப் போனேன். அவன் கையை என் தோளில் போட்டு, ஒவ்வொரு படியாக இறக்கினேன். இறக்கிய வழி முழுக்க ஏசினேன்: கல்லூரியை, தாரை, பயிற்றுநரை, கண் மருத்துவத்தை, அவனுடைய ஊரை, அவனை. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"இப்பவாவது சொல்லு," என்றேன். "ஒருக்கால் அவரை ஏசு. எனக்கு முன்னால மட்டும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"அவர் வேணுமெண்டோடா செய்தவர்?" என்றான். "மெதுவாப் பிடி, நோகுது."

பட்டயம் இல்லாமல் அவனுக்குக் கிடைத்தது ஒரு நகரசபை அலுவலகத்தில் வரைபட மேசை. மற்றவர்கள் நடந்து அளந்து வந்த நிலத்தை அவன் உட்கார்ந்தபடி வரைந்தான். ஓய்வு பெறும்வரை அதையே செய்தான். டொக்டர் அண்ணை பெரிய கண் மருத்துவரானார். அவன் மகளின் கல்யாணத்தில் முதல் வரிசையில் அவரை இருத்தி, தன் கையாலேயே மாலை போட்டான். மேடைப் படியால் இறங்கும்போது மட்டும் என்னைத் தேடினான். நான் எழும்பவில்லை. வேறு யாரோ பிடித்தார்கள்.