ஏழாம் அத்தியாயத்துக்குச் சிவப்பு டேக்

ஓசூருக்கு அடியில் இன்னொரு ஓசூர் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். எட்டு வருஷமாக அதைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்றால், வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே எத்தனையாவது அடியில் முதல் தெரு, மேம்பாலத்துத் தூண்கள் அங்கே எந்த வீட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு இறங்குகின்றன, எல்லாம் அளவு சுத்தமாக இருந்தது. ஆட்கள்தான் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் என் கதாநாயகன் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். எட்டு வருஷமாக நின்றான். பாவம், தோள் கழன்றிருக்கும்.

வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் செய்ததை அளந்து பார்த்து, சரி, தப்பு என்று சொல்ல வேண்டும். நானாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என் இலக்கிய வாழ்க்கைக்கும் இதே விதிமுறைதான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆனது. சட்டைப்பையில் மூன்று நிற அட்டை டேக் எப்போதும் இருக்கும். பச்சை என்றால் நல்ல பீஸ். மஞ்சள் என்றால் திருத்திக் கொண்டு வா. சிவப்பு என்றால் ஸ்கிராப்.

என் சினேகிதன் அதே கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். குந்தாரப்பள்ளிப் பக்கம் ஊர். என்னைவிட ஆறு வயது சின்னவன், அண்ணா என்பான். டீ இடைவேளையில் என் கீழுலகத்தை அவனுக்குத்தான் சொல்வேன். பன்னை டீயில் தொட்டுத் தின்றபடி தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை ரசனை என்று நினைத்திருந்தேன். சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கும் கை அரித்தது, நாலு மாதத்தில் முடித்துவிட்டேன், சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பார்க்கிறோம் என்கிறார்கள், அதற்குமுன் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் நான் கீழுலகத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் மாற்றியிருந்தேன்.

என் கதையைத் திருடிவிட்டான் என்று சொல்லலாம் என்றுதான் முதல் ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். சொல்ல முடியவில்லை. திருட என்னிடம் ஒன்றும் இருந்திருக்கவில்லை. வேலைக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து, ஒருநாள் ஷிப்டுக்கு வராமல் போய், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காத ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் அவன் கீழூரின் குடிமக்கள். மேலே யாரும் தேடாதவர்களுக்கு அங்கே தானாகக் கதவு திறக்கும். நான் அத்தனை அடி ஆழம் அளந்தேன், இது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஏழாம் அத்தியாயம் வந்தது.

புருஷனைத் தேடி ஒருத்தி கீழே இறங்குகிறாள். யாராவது தேடினால் அந்தக் கதவு திறக்காது. வாசலில் இருக்கும் தரகனோடு பேரம் பேச வேண்டும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பேரம். இவள் துண்டுக்குள் கையை விடுகிறாள். உள்ளே இருக்கும் கைக்கு ஆறு விரல். அங்கே விலை காசு இல்லை, சொல். ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் அது பிறகு அவளுக்கு விளங்காது. வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், தெருவில் தமிழ் என்று இருப்பவள் அவள். மூன்றில் எது போனால் பரவாயில்லை என்று பார்த்து, கன்னடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தருகிறாள். தரகன் விரலை மடக்கிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் தன் பெயரைக் கொடுத்து உள்ளே போகிறாள். சந்தில் புருஷன் அவளைப் பார்த்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடி வருகிறான். அவள் திரும்பவில்லை.

படித்து முடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, ஒரு மாத்திரை போட்டேன். நானும்தான் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருக்கிறேன். அந்தத் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தேன்.

போட்டிக் கம்பெனி நல்ல பாகம் ஒன்றைச் சந்தையில் விட்டால் நாங்கள் ஒன்றை வாங்கி, கழற்றி, அளந்து பார்ப்போம். அதே புத்தியில் ஏழாம் அத்தியாயம் முழுவதையும் என் நோட்டில் கைப்பட எழுதினேன். எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதினோரு பக்கம். எழுதும்போது கை ஓரிடத்தில் சும்மா இருக்காமல் என் சொந்தச் சரக்காக ஒரு வரியையும் நுழைத்துவிட்டது.

பிறகு அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், டேக்குகளோடு. முதல் ஆறுக்கும் பச்சை. எட்டாவதுக்கு மஞ்சள். ஏழாவதுக்குச் சிவப்பு. ரிமார்க்ஸ் என்ற இடத்தில், ‘விரல் பேரம் வாசகர்களுக்குப் புரியாது. கதையோடு ஒட்டவில்லை’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். விளையாட்டுப்போல இருக்க வேண்டும், அதே நேரம் குத்தவும் வேண்டும். அவன் சிரித்துவிட்டு, சரிங்கண்ணா என்று வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், தீய்ந்த வாசனை. என் மனைவி சமையலறைத் தரையில் என் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதியதை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட அவளுக்குக் குக்கர் விசில் கணக்குத் தவறியதில்லை. அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்திருந்தது.

‘‘ஏங்க, இது நீங்களா எழுதினீங்க?’’

தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று இன்றுவரை ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்.

அன்று கறியில் ஈரல் முழுக்க என் தட்டுக்கு வந்தது. சாயங்காலம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகலாம் என்றாள். கரையில் நடக்கும்போது, அந்தப் பெண் திரும்பியிருக்கலாம் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வந்ததில்லை. அதுவும் அவனுக்கு வரவேண்டியதுதான் என்று நினைத்தபோது, என் மனைவி என்னைப் பார்ப்பதைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன். இந்தச் சாதனையைச் செய்த புருஷன் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் அவன், டைப் செய்து முடித்துவிட்டேன், சனிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், எட்டை ஏழாக்கி எண்ணை மாற்றிவிட்டேன் என்றான். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போ ஏழு எங்கே என்று கேட்டேன்.

‘‘ரெட் டேக் போட்டீங்களேண்ணா. ஸ்கிராப் பண்ணிட்டேன்.’’

‘‘ஸ்கிராப்னா?’’

‘‘ரெண்டா கிழிச்சு வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். வெச்சிருந்தா நல்ல பீஸ்ல கலந்துடும் இல்ல?’’

இதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷ ஆபரேட்டர். சிவப்பு டேக் விழுந்த பாகத்தை அன்றே இரண்டாக வெட்டிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும், இன்ஸ்பெக்‌ஷனோடு வாதம் செய்யக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். வேறு எந்த ஊரிலாவது வேறு எந்த எழுத்தாளனாவது, ஒரு துண்டு அட்டைக்குப் பயந்து தன் பக்கங்களை எரிப்பானா? என் சட்டையைப் பிடித்திருப்பான்.

திரும்ப எழுதிவிடேன் என்றேன்.

‘‘அது அன்னிக்கு வந்துச்சுண்ணா. மறுபடி வராது. பரவால்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.’’

பெல் அடித்தது, மெஷினுக்குப் போய்விட்டான். அன்று மீதி ஷிப்ட் முழுக்க எனக்குள் நடந்த பேரத்துக்குத் துண்டு போட்டு மூடத்தான் ஆள் இல்லை. இப்போது உலகத்தில் அந்த அத்தியாயம் ஒரே ஒரு இடத்தில் இருந்தது: என் நோட்டில், என் கையெழுத்தில், என் மனைவியின் சாட்சியோடு. ஒரு விரல், சும்மா இருந்துவிடு என்றது. அடுத்தது, உன் கதாநாயகனை மூடியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கச் சொல், வாசலில் இதை வை என்றது. மூன்றாவது விரல் அவன் பன் தின்றுகொண்டே தலையாட்டியதைக் காட்டியது. நல்லவேளை, எனக்கு ஆறு விரல் இல்லை.

ஷிப்ட் முடிந்ததும் அவனை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி டீ வைத்தாள். நோட்டை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டு, இது உன் ஏழாவது அத்தியாயம், டேக் போடுவதற்கு முன்னாலேயே காப்பி எடுத்துவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை, வயிற்றெரிச்சலில்தான் சிவப்புப் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடுப்பில் பால் கொதிக்கும் சத்தம் கேட்டது.

‘‘அன்னிக்குத் தலையாட்டினீங்களே,’’ என்றாள் என் மனைவி.

மறுபடியும் தலையை ஆட்டினேன். வேறு வழி தெரியவில்லை.

அவன் எங்களைக் கவனிக்கவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான், காணாமல் போன மாடு திரும்பி வந்தால் கொம்பையும் குளம்பையும் தடவிப் பார்ப்பதுபோல. ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது. இந்த ஒரு வரி நான் எழுதியது இல்லையே என்றான்.

எட்டிப் பார்த்தேன். ‘அங்கே இருட்டு மிகவும் கருப்பாக இருந்தது.’

எட்டு வருஷத்தில் நான் கீழுலகத்துக்கு அளித்த ஒரே கொடை. அடித்துவிடு என்றேன். அவன் அடிக்கவில்லை. எரிந்து போயிருக்க வேண்டியதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், இது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து பழைய டேக் ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தான். பச்சை.

புத்தகம் வந்துவிட்டது. எல்லோரும் ஏழாம் அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, வாரத்துக்கு ஒரு மாத்திரையாவது ஆகிறது. மூடியைத் தூக்கிப் பிடித்து நிற்பவனை இன்னும் இறக்கிவிடவில்லை.

என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது முதலில் கேட்டது, அதில் உங்கள் வரி எது என்று. நோட்டு அவனோடு போய்விட்டது. அன்றைக்கு அவள் பாலை இறக்க ஓடியதால் அவன் காட்டிய இடத்தையும் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை. அதனால் அவ்வப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறாள். இதுவா என்று ஒரு வரியில் விரலை வைக்கிறாள். இல்லை என்கிறேன். அப்போ இதுவா? ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றும் அவனுடையது. இதுவரை பதினான்கு வரி காட்டிவிட்டாள். அந்தக் கருப்பு இருட்டை அவள் விரல் தாண்டித் தாண்டிப் போகிறது, ஒருமுறைகூட அங்கே நிற்கவில்லை.