ஹேட்லி குரோவ் எபினேசர்

எபினேசர் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கைப்பேசித் திரையில் வைத்து மெல்ல விரிக்கிறார். கடல் விலகுகிறது. ஒஹையோ மாநிலம் மேலெழுந்து வருகிறது. பிறகு ஒரு நெடுஞ்சாலை, ஒரு ஓடை, வரிசை பிடித்து நிற்கும் வீடுகள், கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கூரை. அதற்குமேல் விரித்தால் படம் கலங்கிவிடும். அந்தக் கூரைக்குக் கீழேதான் மகள் ஃபெபா குடும்பம் நடத்துகிறாள். ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, தினமும் இப்படி ஒருமுறை அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் அவருக்குக் காப்பி. தொழிற்சாலை டூல் ரூமில் கிரைண்டிங் மெஷினை விட்டு ஓய்வு பெற்றுவிட்டார். உடம்பு மட்டும் இன்னும் முதல் ஷிஃப்ட்டுக்கே எழுந்துகொள்கிறது.

ஹேட்லி குரோவ் என்பது ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். அதன் வரலாறு முழுவதும் எபினேசருக்கு மனப்பாடம். யாராவது தெரியாத்தனமாக "மக எந்த ஊர்ல இருக்குது?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் எழுந்து நின்று ஆரம்பித்துவிடுவார். "மொதல்ல அங்க ஒண்ணுமே கெடையாதுங்க. ஓடைக்கரையில ஒருத்தன் மாவு மில்லு போட்டான். அப்பறம் ரயிலு வந்துச்சு. ஆப்பிள் தோட்டமும் பால்பண்ணையுமா கெடந்த எடம். சண்டைக்குப் போன சிப்பாயிங்க திரும்பி வந்தாங்க பாருங்க, அவங்களுக்குன்னு தோட்டத்த வெட்டி வீடு வீடா கட்டிட்டான்." கேட்டவருக்குப் பேருந்து போயிருக்கும்.

அந்த ஊர் மன்றக் கூட்டத்தை இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். ஊர்க்காரர்களே பார்க்காத அந்தக் கூட்டத்தை எபினேசர் ஒன்றுவிடாமல் பார்க்கிறார். ஃபெபா வீட்டுத் தெருமுனையில் வண்டிகளுக்கு 'நில்' பலகை வைப்பதா வேண்டாமா என்று அங்கே பெரிய இழுபறி. "ரெண்டு வருசமா பேசியே சாகடிக்கறானுங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்க போற வழி அது," என்று இவர் இங்கே கொதிக்கிறார். அவர் வீட்டு முன்னால் சாக்கடைக்கு வெட்டிய பள்ளம் மழைக்கு முன்பிருந்தே வாயைப் பிளந்து கிடக்கிறது. அதன்மேல் போட்ட பலகையில் நடந்து போய்த்தான் அவர் பால் வாங்குகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் வீடு எந்த வார்டில் இருக்கிறது என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு உள்ளே திரும்பி மனைவி ஜெபசீலியைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு முனிவேல் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நம்ம ஊரும் அப்பிடித்தான் சார். உங்க வீட்டுக்குப் பின்னால அந்தக் கம்பெனி காம்பவுண்டு இருக்குதே, அது எங்க ராகிக் கொல்லை. நீங்க வீடு கட்டுன எடத்துல ஏரித்தண்ணி நிக்கும்."

"அப்பிடிங்களா," என்றார் எபினேசர் மரியாதையாக. "ஹேட்லி குரோவ்லயும் ஒரு ஏரி இருந்துச்சுங்க. அத மூடித்தான் லைப்ரரி கட்டுனான்."

முனிவேல் அதோடு தன் ஏரியை மூடிக்கொண்டார்.

இவ்வளவு படிப்பும் சும்மா வந்ததல்ல. ஃபெபா பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பேரக்குழந்தை. பிரசவத்துக்கு அம்மாவும் அப்பாவும் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். விசா நேர்காணலில் எங்கே தங்குவீர்கள், அது எந்த மாதிரி ஊர் என்று கேட்பார்கள் என யாரோ சொல்லிவைத்தார்கள். எபினேசர் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். டூல் ரூமில் முடி கனத்துக்குப் பிழை வந்தாலும் பொருளைத் தூக்கிப் போடுகிற ஆள். ஊரையும் அந்தச் சுத்தத்தோடு படித்தார்.

சென்னையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஆங்கிலம் தெரியும் என்றார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி, மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். எபினேசர் மாவு மில்லில் ஆரம்பித்தார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுத்த ஊர் 'நம்ம ஊர்' ஆகிவிடும். ஜெபசீலியின் தங்கையை அஞ்செட்டியில் கொடுத்த நாளிலிருந்து, பேருந்து ஏறிப் போவதே பெரும்பாடான அந்த அஞ்செட்டியை வீட்டில் எல்லோரும் நம்ம ஊர் என்றுதான் சொல்கிறார்கள். அதே வாயோடு எபினேசர் கண்ணாடிக்கு முன் நின்று, "இன் அவர் டவுன் சார், அவர் ஸ்கூல் சார், அவர் வாட்டர் டேங்க் சார்" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

உங்கள் ஊர் ஓசூர் அல்லவா என்று அதிகாரி இடையில் கேட்டார்.

"ஓசூர் ஒன்லி ரெசிடென்ஸ் சார்," என்றார் எபினேசர்.

அதிகாரி புன்னகைத்துப் பாஸ்போர்ட்டைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுடையதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள், நம்முடையதை மட்டும் உடனே கொடுத்துவிட்டார்கள், அவ்வளவு திருப்தி என்று எபினேசர் பூரித்துப்போய் வெளியே வந்தார். திருப்பிக் கொடுத்தால் விசா இல்லை, போனால் திரும்பி வரமாட்டார் என்று நினைத்துவிட்டார்கள் என்பதை, வாசலில் இளநீர் விற்றவர்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார்.

ஜெபசீலியின் பாஸ்போர்ட் தாமதமாக வந்ததால் அவருக்கு நேர்காணலுக்கு வேறு தேதி. அவர் தமிழிலேயே பேசினார். எந்த ஊர் என்றதற்கு, "மக வீடுங்க. பேரு வாயில நுழையல" என்றார். எப்போது திரும்புவீர்கள் என்றதற்கு, "கொழந்த கழுத்து நின்னதும் வந்துருவேன். இங்க கோழி கெடக்குது, இவருக்கு ஒரு ரசம் வெக்கத் தெரியாது" என்றார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஜெபசீலி அங்கே. பேத்தி பிறந்துவிட்டாள். எபினேசர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். ஃபெபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, இந்தத் தடவ உங்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. கேட்டா மக ஊருன்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா புள்ள நடக்கறப்பத்தான் பாப்பீங்க."

ஆகவே எபினேசர் இப்போது மறப்பதற்குப் பயிற்சி எடுக்கிறார். மாலையில் முனிவேல் அதிகாரியாக உட்காருகிறார்.

"எந்த ஊரு சார்?"

"ஹேட்லி குரோவ். ஸ்மால் பிளேஸ்."

"எப்பிடி இருக்கும்?"

"ஐ டோன்ட் நோ சார்." சொல்லிவிட்டு எபினேசர் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறார். "ஆனா கெழக்குல ஓடை இருக்குது சார்."

"போச்சு, விசா இல்ல," என்கிறார் முனிவேல்.

காலையில் ஜெபசீலியின் வீடியோ அழைப்பு வரும்போது அங்கே முந்தைய நாளின் சாயங்காலம். இன்றைக்கும் வந்தது. ஹலோ சொல்வதற்கு முன்பே எபினேசர், "வெளிய வா. எடது பக்கம் திரும்பு," என்றார்.

"குளுருதுங்க."

"பாலம் வரைக்குந்தான். மில்லு இருந்த எடத்த ஒரு தடவ காட்டிரு."

ஜெபசீலி சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தார். திரையில் தெரு ஆடி ஆடிப் போனது. ஆள் நடமாட்டமே இல்லை. "வலது பக்கம் தபாலாபீசு வரும் பாரு," என்றார் எபினேசர். வந்தது. "முக்குல நில்லு, வண்டி வரும்." பலகை இல்லாத அந்த முனையில் ஜெபசீலி நின்று பார்த்துக் கடந்தார். பாலம் வந்தது.

"இங்க ஒண்ணுமில்லீங்க. காரு கழுவுற எடம் இருக்குது."

"அதேதான். அதேதான் அந்த எடம்." எபினேசர் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"இதுக்கா என்னய இந்தக் குளுர்ல நடக்க வெச்சீங்க?" ஜெபசீலி விறுவிறுவென்று திரும்பினார். வழியில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டும்படி எபினேசர் கெஞ்சியது எடுபடவில்லை. கதவு திறந்தது. உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ஊரு எங்கயும் போயிராது," என்றார் ஜெபசீலி. "இவளப் பாருங்க. தெனம் தெனம் மூஞ்சி மாறுது."

தொட்டிலுக்கு மேலே கைப்பேசி வந்து நின்றது. ஜெபசீலிக்குப் படம் பிடிக்கத் தெரியாது. வெகு உயரத்திலிருந்து காட்டினார். வெள்ளைத் துணிக்கு நடுவில் சின்னதாக ஒரு முகம், மூடிய கண்கள், ஓயாமல் அசையும் வாய். எபினேசர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இரண்டு விரல்களைச் சேர்த்து அந்த முகத்தின்மேல் வைத்து மெல்ல விரித்தார்.

முகம் பக்கத்தில் வரவில்லை. ஈரம் போலிருக்கிறது என்று விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்து விரித்தார்.