வெண்டைக்குப் போட்ட பழைய சாணி

பாலோ ஊருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டிருந்தேன். கணவர் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். நிலம் முழுக்க முழுக்க என் பிடிவாதம்.

"இந்தத் தடவையும் நட்டம்னா விட்டுடணும், சரியா?" என்று கேட்டார். வீம்புக்குச் சரி என்றேன். அந்த வருடம் பார்த்துத்தான் உரத்தின் விலை எகிறி, கடைசியில் உரமே கிடைக்காமல் போனது.

எங்கோ சண்டை, அதனால் சரக்குக் கப்பல் வரவில்லை என்றார்கள். கப்பல் வராத செய்தி பெரிய செம்பனைக்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை போலும். நான் உரக்கடைக்குப் போன அன்றுகூட அவர்களுடைய லாரியில் மூட்டை மூட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரச் சீனத் தவுக்கே என் முகத்தைப் பார்க்காமல், "பாஜா ஹாபிஸ் லா, அக்கா" என்றார். கண் முன்னால் லாரி நிறைய உரம் போகிறது, எனக்குத் தீர்ந்துவிட்டதாம்! கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். வாயை அடைக்க அரை மூட்டை கொடுத்தார், முன்பு ஒரு மூட்டை வாங்கிய விலைக்கு.

அது எந்த மூலைக்குப் போதும்? அடி இலையிலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பித்தது. காய் விரல் நீளம் வருவதற்குள் வளைந்து முற்றிப்போனது.

அப்போதுதான் மாட்டுக்கார அண்ணன் ஞாபகம் வந்தது. என் நிலத்துக்குப் பின்னால் முன்பு மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர். கோயில் அபிஷேகத்துக்கு அவர் வீட்டுப் பால்தான் போகும். ஒரு நாள் அவருடைய மாடுகள் புகுந்து என் பயற்றங்காய்க் கொடியை மொத்தமாக மேய்ந்துவிட்டன. அக்கம்பக்கத்தில் எனக்குத்தான் மலாய் நன்றாக எழுத வரும். நகராண்மைக் கழகத்துக்கு நானே மனு எழுதினேன், நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். லாரி வந்து பாதி மாடுகளைப் பிடித்துப் போனது. மீதியை அவரே விற்றுவிட்டார். இப்போது கோயிலில் பாக்கெட் பால். அவர் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் வாசலில் காவலாளி. கொட்டகைக்குப் பின்னால் பல வருடச் சாணி மட்டும் மேடாகக் கிடந்தது.

வெட்கத்தை விட்டுத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, அந்தச் சாணிய எடுத்துக்கலாமா?"

"அது எதுக்கும்மா? மழையில சத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. இப்ப வெறும் மண்ணுதான். போட்டாலும் பிரயோசனம் இல்ல."

அவர் நிலையில் நான் இருந்திருந்தால் இப்படித்தான் நாசூக்காகக் கைவிரித்திருப்பேன். அவரும் அதைத்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

"குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்கண்ணே. நான் எழுதுன மனுவ மனசுல வச்சிக்கிட்டுப் பேசாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த மனு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை வருடமும் அவருக்குத் தெரியாது. அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்து, "நாளைக்கு எனக்கு லீவு. வரேன்மா" என்றார்.

சொன்னபடியே மண்வெட்டியோடு வந்தார். இறுகிக் கிடந்த மேட்டை வெட்டி, கோணி கோணியாக அவரே தோளில் சுமந்து வந்து பாத்தியில் கொட்டினார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெட்டுவதை நிறுத்தி, "இங்கதான் செவலைய கட்டியிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாணி வேலை செய்யவில்லை. அவர் சொன்னது சத்தியமான உண்மை, அது வெறும் மண். மஞ்சள் நுனி வரை ஏறியது. செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து, தொழிற்சாலை வழியாகப் போகும்போது அவர் கூப்பிட்டார். "வெண்டை எப்படிம்மா?"

"நல்லா வந்துடுச்சுண்ணே" என்றேன். எப்படி அப்படி ஒரு பொய் வந்ததென்று தெரியவில்லை.

அவர் முகமே மலர்ந்துபோனது. "அப்ப நான்தான் தப்பா சொல்லிட்டேன். மாடுங்க போயும் உதவிச்சு, பாரேன். எனக்கு ஒரு கைப்பிடி குடும்மா, வீட்டுல காட்டணும்."

மறுநாள் பேரங்காடிக்குப் போனேன். எந்த நாட்டிலிருந்தோ வந்த வெண்டைக்காயைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கோழி விலைக்கு வைத்திருந்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி, பிளாஸ்டிக்கைப் பிரித்து, பழைய நாளிதழில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அங்கேயே பிரித்தார். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல ஒரு காயை எடுத்து அதன் நுனியை ஒடித்துப் பார்த்தார். பறித்து எத்தனை நாளான காயோ, ஒடியவில்லை; ரப்பர் மாதிரி வளைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வளைந்தது.

என்னை நிமிர்ந்து பார்க்காமலே இரண்டையும் உள்ளே வைத்து, நாளிதழைப் பழையபடி மடித்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.