நாயிஃப் குறித்த கிப்லா

எங்கள் ஏரிக்கரை ஊரில் ஒரு வீட்டில் மௌத்து, சாவு என்றால், குளிப்பாட்டத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே நாயிஃபுக்கு ஆள் போய்விடும். லெபனானிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பாதிப் பேர் ஏரியில் மீன் பிடித்தார்கள், மீதிப் பேர் தோலுக்காகக் கீரிபோன்ற மிங்க் பிராணியை வளர்த்தார்கள். நாயிஃப் இரண்டும் செய்தார். போதாததற்கு அடக்கக் குழியான கபர் தோண்டுவதையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆல்பர்ட்டாக் குளிரில் ஜனவரி மண் மண்ணா என்ன? கல். வைக்கோலைக் குவித்து எரித்து, இளகின மட்டும் தோண்டி, மறுபடி எரிக்க வேண்டும். ஒரு முணுமுணுப்பு இருக்காது மனிதரிடம்.

மய்யித்துகளை அடக்கும் மையவாடிக்கு இடம் வாங்கியபோது கிப்லாவை, அதாவது மக்காவைப் பார்க்கும் திசையை, குறித்தவரும் அவர்தான். சுவரில் மாட்டும் உலகப் படத்தை மேசையில் விரித்து, எங்கள் ஊரிலிருந்து மக்காவுக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு தென்கிழக்கே போனது. அந்தக் கணக்குக்கு முளை அடித்துக் கயிறு கட்டினார், பள்ளிவாசலிலும் அதே திசையில்தான் விரிப்பு போட்டோம். அன்றிலிருந்து எங்கள் மய்யித்துகள் எல்லாம் வலப்பக்கம் ஒருக்களித்து, கன்னம் மண்ணில் பட, தென்கிழக்கே பார்த்துத்தான் படுத்தார்கள்.

அவர் மனைவி நஜ்லாவும் அப்படித்தான். இரண்டாம் பிரசவத்தில் போனாள், குழந்தையும் தங்கவில்லை. அவளைக் கபருக்குள் இறக்கியது, கஃபன் துணியின் முடிச்சை அவிழ்த்து முகத்தைத் திருப்பி வைத்தது எல்லாம் நாயிஃபேதான். அல்லாஹ்வின் வீட்டைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், எனக்கு அது போதும் என்று சொல்லிச் சொல்லியே ஒற்றை மகன் முனீரை வளர்த்து ஆளாக்கினார். மறுமணப் பேச்சு எடுத்தவர்களுக்கு அந்த வீட்டில் டீகூடக் கிடைத்ததில்லை.

முனீர் படித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பூகோள வாத்தியாராக வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வகுப்பிலிருந்த பூமி உருண்டையைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் ஊருக்கும் மக்காவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினான். நூல் வடகிழக்கே ஏறி, துருவத்தை ஒட்டிப் போய், அந்தப் பக்கம் இறங்கியது. தட்டைப் படத்தில் கோடு போட்ட வினை, பூமி உருண்டை ஆயிற்றே என்றான். பெரியவர்கள் கத்தித் தீர்த்தார்கள். இமாம் ஷேக் இத்ரீஸ் நகரத்து மார்க்க அறிஞர்களைக் கேட்டார். பையன் சொன்னதுதான் சரி என்று பதில் வந்தது. தொழுகை விரிப்புகளைத் திருப்பிப் போட்டார்கள். தேடிப் பார்த்துத் தெரிந்த திசையில் தொழுதது செல்லும், பழையதைத் திரும்பத் தொழ வேண்டாம் என்று ஷேக் சொன்னதும் ஊருக்கு மூச்சு வந்தது.

நாயிஃபுக்கு வரவில்லை. அன்று மிங்குக்குப் போட மீன் நறுக்கிக்கொண்டே மகனைக் கேட்டார்.

"அப்போ ஒங்க உம்மா எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்கா?"

"அத விடுங்க வாப்பா. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"அல்லாஹ்வ நான் கேக்கல. வாத்தியாரக் கேக்குறேன்."

முனீருக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு ஒருநாள் வந்திருக்கலாம், பாவி.

"காட்டப் பாத்து," என்றான்.

அதோடு பேச்சு நின்றது. பள்ளிவாசலின் பின்மூலையில் நாயிஃப் மட்டும் பழைய திசையிலேயே தொழுதார். ஸஜ்தாவில் குனிந்தால் அவர் தலை பக்கத்து ஆளின் விலாவில் இடிக்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. புதுத் திசையை ஒப்புக்கொண்டால், நஜ்லாவின் முகத்தைத் தன் கையாலேயே கிப்லாவை விட்டுத் திருப்பி வைத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. எந்த மனுஷனால் முடியும்?

முனீர் தினமும் வேலைக்குப் புறப்படும்போது சலாம் சொல்வான். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் அவர் வாய்க்குள் முனகுவார். ஒன்றரை வருஷம் மகனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நல்லவேளை, அந்த நாட்களில் ஊரில் மௌத்து எதுவும் விழவில்லை.

ஏப்ரலில் ஏரிப்பனி இளகத் தொடங்கியது. பனிக்கடியில் போட்ட வலைகளை எடுக்க, ஒரு விடுமுறை நாளில் முனீர் டிரக்கை எடுத்தான். பனியின் நிறத்தைப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லக்கூடியவர் நாயிஃப். போகாதே என்று ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் பேச்சுதானே என்று விழுங்கிக்கொண்டு, சலாமுக்கு மட்டும் முனகினார். உறைந்த ஏரியின் மேல் போன டிரக் பனியை உடைத்துக்கொண்டு முனீரோடு உள்ளே போனது. உடலை வெளியே எடுக்கவே சில நாட்கள் ஆயிற்று.

கபர் தோண்ட நாங்கள் மண்வெட்டியோடு போனோம். அவர் எங்களுக்கு முன்பே வந்து வைக்கோலை எரித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஷேக்தான் அவர் தோளைத் தொட்டு, முனீரின் வாப்பா என்று அரபு முறையில் அழைத்தார்.

"நஜ்லா பக்கத்துல எடம் இருக்கு, அபூ முனீர். அவங்க வரிசையிலயே வைக்கணும்னா வைங்க. நாங்க யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டோம்."

நாயிஃப் நஜ்லாவின் கபர் ஓரத்தில் முளை அடித்துக் கயிற்றைக் கட்டினார். கயிறு அவள் கபருக்கு இணையாகத்தான் முதலில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து, மறுமுனை முளையைப் பிடுங்கிக் குறுக்கே கொண்டுபோய் அடித்தார்.

"அவன் நம்புன பக்கம் அவன வைப்போம்," என்றார்.

ஜனாஸாத் தொழுகைக்கு வடகிழக்கே முகம் பார்த்து வரிசை நின்றது. முதல் வரிசையில், மகனுக்கு நேர் எதிரே, நாயிஃபும் அந்தப் பக்கம் பார்த்து நின்றார். தொழுகை முடிந்ததும் அவரே கபருக்குள் இறங்கி, முடிச்சை அவிழ்த்து, கன்னத்தை மண்ணில் வைத்து, முதுகுக்கு மண்கட்டி முட்டுக் கொடுத்தார். பொறுமையாகத்தான் செய்தார், அவசரமில்லை.

பிடிமண் போட்டு, துஆ ஓதி, எல்லோரும் கலைந்தோம். ஷேக்கும் நானும் மட்டும் பின்தங்கினோம். நாயிஃப் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நஜ்லாவின் தலைமாட்டில் போய் நின்றார். இவளைத் திறந்து திருப்பி வைக்கலாமா என்று கேட்டார்.

ஷேக் மெதுவாக அந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "இத்தன வருஷம் ஆயிருச்சு, அபூ முனீர். உள்ள எலும்புதான் இருக்கும், தோண்டக் கூடாது. நீங்க தெரிஞ்சே செய்யல. ஒங்க நிய்யத், மனசுல வச்ச எண்ணம், சுத்தம். அல்லாஹ் நிய்யத்தத்தான் பாக்குறான்."

நாயிஃப் தலையை ஆட்டினார். நஜ்லா எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாளோ அந்தப் பக்கம், காட்டைப் பார்த்தார்.

"நிய்யத் என்னோடது, ஷேக்," என்றார். "மொகம் அவளோடது."