பின்னறை மெஷினும் ஐப்பசி மல்லாட்டையும்

நாள் முழுக்க ஓடிச் சூடேறிய கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. போன வாரம் எங்கள் பெங்களூர் ஆபீஸில் ஏசி நின்றுபோனதால், டெஸ்ட் மெஷின்கள் இருக்கும் அறையின் கதவைத் திறந்துவைத்தார்கள். எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் வாசலில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். தூசியும் பிளாஸ்டிக்கும்தான் மணத்தன. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓடிவந்து, உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டாள். பச்சை மல்லாட்டை வாசனையைத் தேடுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். திண்டிவனத்தில் வேர்க்கடலை என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் பாக்கெட்டில் விற்கும் ஏதோ ஒன்றைச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

அந்த வாசனை, தொற்றுக்குப் பயந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்த காலத்தைச் சேர்ந்தது. நான் பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு, திண்டிவனத்தில் அண்ணன் வீட்டு மாடியில் குடியேறியிருந்தேன். என் வேலையோ லேப்டாப்பில் மட்டும் முடிகிற வேலை இல்லை. கம்ப்யூட்டரின் அடிமடியில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற எல்லா மென்பொருளும் அதன் தயவில்தான் ஓடுகின்றன. அதில் கை வைப்பவர்கள் மெஷினை அடிக்கடி சாகடிப்பார்கள், பிறகு எழுப்புவார்கள். அதற்கென்று கம்பெனி ஒரு பெரிய இரும்புப் பெட்டியையே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அதன் விசிறிகள் போட்ட சத்தத்தில் என்னால் போன்கூடப் பேச முடியவில்லை. அதனால் அதைக் கீழே, அரிசி மூட்டை வைக்கும் பின்னறைக்கு நாடு கடத்தினோம். இரண்டாம் நாளே எதிர்வீட்டுக்காரம்மா ஒரு பை கேப்பையோடு வந்து நின்றார். மாவு மில் போட்டிருக்கிறோம் என்று தெருவில் பேச்சாகிவிட்டதாம். இல்லை என்று சொல்லி அனுப்ப அண்ணிக்கு மனசே வரவில்லை.

அண்ணிக்கு ஊர் பிரம்மதேசம். எந்தப் பொருளும் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. சோறு வடித்த கஞ்சி, கிழிந்த வேட்டி, பழைய பெயின்ட் டப்பா எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வேலை இருக்கும். எனக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. மெஷின் தொங்கிப்போனால், அதாவது எதற்கும் அசையாமல் உறைந்துவிட்டால், நான் மாடியிலிருந்தே "அண்ணி, பட்டன்" என்று குரல் கொடுப்பேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் போய் அமுக்குவார். "செத்துடிச்சா பாப்பா?" என்று ஒரு விசாரிப்பும் வரும். எனக்கு முப்பதை நெருங்கும் வயது. ஆனாலும் நாத்தனார் என்றால் பாப்பாதான். இந்த வசதி இருந்ததால் நான் பின்னறைப் பக்கமே போவதில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பதுதான் எங்கள் தொழிலுக்குப் பெருமை.

சாகடித்துச் சாகடித்து நான் செய்துகொண்டிருந்தது ஒரு பூட்டு. திருவக்கரைக் கோயிலுக்குப் பௌர்ணமியில் போய் நெரிசலில் நசுங்கியிருந்தால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். சன்னதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் சாமியைப் பார்க்கலாம். ஆனால் குருக்கள் அலங்காரம் மாற்ற வேண்டுமானால் திரை போட்டாக வேண்டும், அப்போது யாரும் பார்க்கக் கூடாது. கர்னலிலும் அப்படித்தான். ஒரு தகவலைப் பலர் சேர்ந்து படிக்கலாம். எழுத வருகிறவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும். இதற்கு அதுவரை இருந்த பூட்டில் படிப்பவர்கள் எல்லோரும் உள்ளே போகும்போதும் வரும்போதும் ஒரே பலகையில் கணக்குக் குறித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. கூட்டம் பெருகினால் பலகையைச் சுற்றித்தான் தள்ளுமுள்ளு. நான் பல வாசல்களைத் திறந்து, வாசலுக்கு ஒன்றாகப் பலகை வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் சடசடவென்று போய்வரலாம். குருக்கள் மட்டும் திரை போடுமுன் எல்லா வாசலையும் ஒரு சுற்றுப் பார்த்துவர வேண்டும். அவருக்குக் கொஞ்சம் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வாயால் சொன்னால் போதாது. வேகமாகிறது என்று அளந்து காட்ட வேண்டும். என் அளவை நானே எடுத்தால் யார் நம்புவார்கள்? அதனால் அதே மாதிரி இன்னொரு மெஷின் தேவநாதன் வீட்டுக்குப் போயிருந்தது. தேவநாதன் எங்கள் டீம்தான். சொந்த ஊர் காணை, வீடு விழுப்புரத்தில். பெங்களூரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரு வருஷம் உட்கார்ந்து ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பிய பிறகுதான், ஒரே பஸ்ஸில் போகிற ஜனங்கள் என்று இருவருக்கும் தெரிந்தது.

விழுப்புரத்தில் என் பூட்டு பறந்தது. திண்டிவனத்தில், அதைப் பெற்ற வீட்டில், பழைய பூட்டுக்கு முன்பு எடுத்துவைத்த அளவைவிட மெதுவாக ஓடியது. அதுவும் பகலில் மட்டும். விடிகாலையில் எழுந்து ஓட்டினால் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் சுணங்கும். மேனேஜர் நிதானமான மனிதர், நிதானமாகவே பயமுறுத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு ஊர் அளவும் ஒன்றாக வரவில்லை என்றால் இந்த மாற்றத்தைக் கைவிட்டுவிடலாம் என்றார். கைவிட்டால் நான் முன்பிருந்த டீமுக்கே போக வேண்டும். அங்கே என் வேலை, கம்பெனி வெப்சைட்டில் பட்டன்களின் நிறத்தை மாற்றுவது. பச்சை வேண்டாம் நீலம் வேண்டும் என்பார்கள், மறுவாரம் பச்சையே இருக்கட்டும் என்பார்கள்.

என் நிரலை வரி வரியாகப் படித்தேன், குற்றமில்லை. அண்ணன் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். திண்டிவனம் வோல்டேஜ்தான் காரணம் என்று ஒரே பேச்சாகச் சொல்லி, ராத்திரி கடையிலிருந்து வரும்போது ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மாட்டினார். மெஷின் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு காலை, மெஷினையே போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மோட்டாரா, கிரைண்டரா என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். எந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்று பரிதாபப்பட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். தேவநாதன் வீட்டில் அது பொழுதுசாயும்வரை ஓடியது. ஒரு குறையும் இல்லை. ராத்திரி திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் பத்து மணிக்குச் சுணங்கியது.

தேவநாதன் போனில் கேட்டான்: "உங்க வூட்டுக்கு யாராச்சும் சூனியம் வெச்சிக்கினு இருக்காங்களா?"

வியாழக்கிழமை மத்தியானம். வெளியே அடைமழை. மெஷின் தொங்கிப்போனது. அண்ணி, பட்டன் என்றேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நானே இறங்கிப் போனேன்.

பின்னறையில் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். மெஷினின் முதுகை ஒட்டினாற்போல் ஒரு முறம், அதற்குமேல் இன்னொரு முறம், இரண்டிலும் ஓட்டோடு மல்லாட்டை. பெட்டிக்கு மேலே அண்ணனின் இரண்டு பனியன்கள். அண்ணி பக்குவமாகக் காய்களைத் துழாவித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஈர மண்ணும் பச்சைப் பருப்பும் கலந்து மணத்தது. சமையல் முடிந்ததும் பரப்புவாராம், விளக்கு வைக்கும்போது அள்ளிவிடுவாராம்.

"சும்மா வெளிய போற சூடு தானே பாப்பா, வீணா போவுதேன்னு வெச்சேன். ஊர்லேர்ந்து மூட்டை வந்துது, வெயிலே காணோம், எல்லாம் மொளைச்சிக்கினு கெடக்குது. இங்க வெச்சா ஜல்தி காஞ்சிடுது."

காற்று போக வழியில்லாமல் மெஷின் கொதித்திருக்கிறது. கொதித்தால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு சூடு என்று கேட்டிருந்தால் மாடிக்கே பதில் அனுப்பியிருக்கும். உலகத்தில் உள்ள அத்தனை சந்தேகத்தையும் பட்ட நான் அதை மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலையே போகப் பார்த்தது என்று குரலை உயர்த்திவிட்டேன். அண்ணி முறங்களை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் காபியோடு மாடிக்கு வந்து, மெதுவாக, "நெசமாவே வேலை போயிடுமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் கோபப்படுவது எப்படி?

அன்று மாலைவரை பின்னறை வாசலில் அண்ணியே நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லை. மெஷினைத் துடைக்கப்போன அண்ணனுக்குக்கூடத் திட்டு விழுந்தது. இரண்டு ஊர் அளவுகளும் அச்சாக ஒத்துப்போயின. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேனேஜர் காரணம் கேட்டபோது, காற்றோட்டத்தில் சிறு தடங்கல் என்றேன். விஷயம் தெரிந்த தேவநாதன் சிரிப்பை அடக்க முடியாமல் தன் கேமராவை அணைத்துவிட்டான். ஆனாலும் அறிக்கையில் அவன் ஒரு வரி சேர்த்தான்: சோதனையின்போது மெஷின்மீது விளைபொருள் எதுவும் இருக்கக் கூடாது. பெங்களூர்க்காரர்கள் அது ஏதோ நுணுக்கமான தொழில்நுட்பச் சொல் என்று நினைத்தார்களோ என்னவோ, அப்படியே சோதனை விதிகளில் ஏற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை அண்ணி மாடிப்படியில் நின்று தயங்கினார். "அந்த டெஸ்ட்ட இன்னொரு வாட்டி போடேன் பாப்பா. சும்மா இருந்தா சூடே வரமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் காய வெக்கணும்."

போட்டேன். இருக்கும் சோதனைகளிலேயே முரட்டுச் சோதனையாகப் பார்த்துப் போட்டேன். கோடிக்கணக்கான முறை பூட்டித் திறந்து, என் பூட்டு திண்டிவனத்தில் மல்லாட்டை காயவைத்தது. அளவு எதையும் நான் பார்க்கவில்லை. என் தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் ஓட்டியதில்லை. காய்ந்ததில் ஒரு பங்கு விழுப்புரத்துக்கும் போனது.

மாற்றம் கர்னலில் சேர்ந்தது. கர்னல் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். உலகத்தில் எங்கெங்கோ ஓடும் மெஷின்களில் என் வரிகள் இருந்தன.

அப்புறம் எல்லோரையும் ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். கம்பெனி வேன் வந்து இரும்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. தேவநாதன் வெளிநாட்டில் இருக்கிறான், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. பெரிய சோதனைகள் இப்போது வாடகை மெஷின்களில் ஓடுகின்றன. அவை எந்த ஊரில் எந்த அறையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தொங்கிப்போனால் தாமாகவே எழுந்துகொள்கின்றன, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

என் பூட்டும் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன், நான் பார்த்தே அறியாத ஒருவர், அந்த இடத்தில் பூட்டே வேண்டாம் என்று ஒரு மாற்றத்தை அனுப்பினார். எழுதுகிறவர் தனி நகலில் எழுதி முடித்து, பழையதன் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். படிப்பவர்கள் யாருக்காகவும் நிற்க வேண்டாம். பழைய வரிகளை எழுதியவள் என்பதால் சோதித்துச் சொல்லும்படி என்னிடமே வந்தது. ஓட்டினேன். அது மெதுவாக இருக்கக் கூடாதா என்று மனதார ஆசைப்பட்டேன். என் பூட்டுக்குச் சாதகமாக என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதுதான் ஜெயித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நன்றாக ஓடுகிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் எழுதினேன். கர்னலில் இன்று நான் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அவற்றை நீக்கிய மாற்றத்தின் அடியில், சோதித்துப் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.