பட்டிழை ஒட்டிய காகிதம்

பினாங்கிலிருந்து வந்து சேலம் அம்மாபேட்டையில் அக்கா வீட்டில் நான்கு நாள் இருப்பதாகத்தான் பேச்சு. ஒன்பது மாதம் இருந்தேன். காரணம் ஒரு காகிதம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயதிருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை, பினாங்கைத் தவிர. அங்கே ஒரு ஜப்பான்காரரின் காகிதக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கட்டுப் பிரிப்பது, அளவு பார்த்து வெட்டுவது, சுருட்டி வைப்பது.

காகிதம் என்றால் எழுதவும் வடை மடிக்கவும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அந்தக் கடை வேறு உலகமாக இருந்தது. எல்லாம் மரப்பட்டையை ஊறவைத்து, அடித்து, கூழாக்கி ஊற்றியவை. பெரும்பாலும் பட்டுப்புழு தின்கிற முசுக்கட்டையின் இனத்து மரம். ஹன்ஷி என்பது ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். தூரிகையால் எழுதிப் பழக. மினோ அதைவிட ஒரு விரல் அகலம், மூன்று விரல் நீளம் கூடுதல். அதை அவர்கள் கதவுச் சட்டத்தில் கண்ணாடி மாதிரி ஒட்டுவார்கள். வெளிச்சம் வரும், உள்ளே இருக்கும் ஆள் தெரியாது. சட்டத்தின் கட்டங்களையே அந்தக் காகிதத்தின் அளவுக்குத்தான் செய்வார்களாம். மூச்சு விட்டால் பறக்கிற மெல்லிய தாள் ஒன்று உண்டு. எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் அடியில் இருப்பது தெரியும், நகல் எடுக்கலாம். கிழங்குப் பசை தடவிக் கசக்கிக் கசக்கித் துணி போலாக்கிய முரட்டுத்தாளும் உண்டு. அதில் பை தைப்பார்கள்.

கடைசியாகக் கதகாமி. மூன்று தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு காயின் துவர்ச்சாற்றை ஏற்றி, புகையில் வைத்து எடுத்த பழுப்புத்தாள். நம் பக்கம் மீன்வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றுவார்களே, அதே முறைதான். அதில் ஊசிமுனைக் கத்தியால் ஆயிரக்கணக்கில் துளை வெட்டி, துணியின்மேல் வைத்துப் பசை தடவுவார்கள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பூ வெள்ளையாக நிற்கும்.

ஜப்பானோடு சண்டை வரும் என்று தெரிந்ததும் கடைக்காரர் தம் நாட்டுக்குக் கப்பல் ஏறினார். மிச்சமிருப்பதைக் கொளுத்திவிடச் சொல்லிவிட்டுப் போனார். பாதியைக் கொளுத்தினேன். மீதியில் வகைக்குச் சில தாளைத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு நானும் கப்பல் ஏறினேன். ஏன் எடுத்து வந்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஊர் வந்த இரண்டாம் நாள் ஒரு லாரிக்காரரைப் பார்த்தேன். கடலூரிலிருந்து உப்பு ஏற்றி ஆத்தூர் வழியாகச் சேலம் வருகிறவர். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி எரித்து ஓட்டுகிற கரிவாயு லாரி. அடுப்புக்குக் கரி போடவும் ஊதவும் ஆள் வேண்டும் என்றார். "அடுத்த நடைக்கு ரோட்டுல நில்லு, ஏத்திக்கறேன்" என்றார். அந்த வாரமே ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. ஜப்பான்காரன் கடையில் இருந்தவன் என்று மறுநாள் என்னைத் தேடிப் போலீஸ் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர், நிதானமானவர். பெட்டியைக் கிளறி மற்றத் தாள்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கதகாமியை மட்டும் வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். அலை அலையாகத் துளைகள், அலைக்கு மேல் கொக்குகள்.

"கடற்கரைப் படம் மாதிரி இருக்கே. இந்தப் புள்ளியெல்லாம் என்ன கணக்கு?"

"துணிக்குப் பூப் போடறதுங்க."

"அப்படித்தான் சொல்லுவே."

காகிதத்தைப் பற்றி மெட்ராசுக்கு எழுதிப் பதில் வருகிற வரை நான் ஊரை விட்டு நகரக் கூடாது. காலையும் மாலையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஆத்தூர் ரோட்டில் இரண்டாம் மைல்கல்லைத் தாண்டக் கூடாது. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான், எனக்கு ஜாமீன் நின்றார். நான் ஓடினால் அவரைத்தான் உள்ளே வைப்போம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அவர் நெசவாளி. உள்ளே போனால் தறி நிற்கும். தறி நின்றால் உலை கொதிக்காது.

மெட்ராசுக்கு அனுப்ப நகல் எடுக்கிற வேலை ஸ்டேஷன் ரைட்டர் தலையில் விழுந்தது. என் பெட்டியிலிருந்த மெல்லிய தாளையே கதகாமிமேல் விரித்துத் துளை துளையாகப் பென்சிலால் குறித்தார். மூன்று நாள் ஆயிற்று. நான் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் தலை நிமிராமல் திட்டுவார்.

"ஏனப்பா, உனக்குப் பினாங்குல கொண்டுவர வேற சாமானே கெடைக்கலியா? ஒரு குடை, ஒரு செண்டு பாட்டில்?"

பிறகு எல்லாத் தாளுக்கும் அளவும் உபயோகமும் எழுதச் சொன்னார். சாணும் விரலுமாக எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "காகிதத்துல கதவு, காகிதத்துல பை. இதை மெட்ராசுல நம்புவான்னு நெனைக்கிறியா?" என்றார்.

அக்கா வீடு ஒரே நீள அறை. பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொண்டது. தறிக்கும் சுவருக்கும் நடுவே நான் படுப்பேன். இரண்டு பக்கமும் புரள முடியாது. பகலில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவேன். வாரம் ஒரு தடவை ரோட்டில் அந்த உப்பு லாரியின் ஹாரன் கேட்கும். முதல் தடவை ஓடிப்போய் நிலைமையைச் சொன்னேன். "சரி, எடத்தை வெச்சிருக்கேன்" என்றார். ஐந்தாறு நடை வரைக்கும் ஹாரன் அடித்தார். அதற்கப்புறம் லாரி சத்தம் மட்டும் கேட்டது.

தெருவில் என்னைப் பினாங்குக்காரர் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார்: "ஏனுங்க பினாங்குக்காரரே, உங்காளு ஜப்பான்காரன் எப்பங்க வாரான்? வந்தா நூல் வெலை எறங்குமுங்களா?"

மெட்ராசிலிருந்து பதில் வரவில்லை. நாலு மாதம் போனதும் சப்-இன்ஸ்பெக்டரிடம், துணியில் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். யோசித்தார். காட்டினால் அறிக்கையில் சேர்த்து எழுதுகிறேன் என்றார். கதகாமியை மச்சான் கையில் கொடுத்து, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மச்சான் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மடியில் கதகாமியை வைத்து, அக்காவின் சாமணத்தால் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இழை இழையாகச் சின்னக் குவியல்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"ஓட்டையெல்லாம் பிசிறா கெடந்துச்சு மாப்ள. பட்டு நூலு குறுக்கும் நெடுக்குமா ஓடியிருக்குது. எவனோ சுத்தம் பண்ணாமயே வித்துப்புட்டான். பெரியவங்க பாக்க வர்றாங்க, நல்லா இருக்கட்டுமேன்னு எடுத்தேன்."

துணி நெய்து இறக்கியதும் பிசிறு பார்த்து எடுப்பது அவர்கள் தொழில் வழக்கம். நெய்கிறவன் யாரும் அதைச் செய்யாமல் துணியைக் கைமாற்ற மாட்டான். ஆனால் கதகாமியில் அந்த இழைகள்தான் உயிர். துளை அதிகமானால் நடுவில் இருக்கும் காகிதத் துண்டுகளுக்குப் பிடிப்பு இருக்காது. அலையும் கொக்கும் அந்தரத்தில் நிற்கும். அவற்றைக் கட்டி நிறுத்தத்தான் கண்ணுக்குத் தெரியாத பட்டிழையை வலையாக ஒட்டுவார்கள். அதை நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. நான் காகிதம் வெட்டியவன். அவருக்கு இழைதான் முதலில் கண்ணில் படும் என்று நினைக்கவில்லை.

தாளைத் தூக்கினேன். மூன்று கொக்குகள் தரையில் விழுந்தன.

மச்சான் விழுந்ததையும் பார்த்தார், குவியலையும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சாமணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"நான் போட்ட கையெழுத்து இதுக்குத்தானே மாப்ள?" என்றார்.

"ஆமாங்க மச்சான்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "பிடுங்குனவரைக்கும் போவுது. இன்னும் பிடுங்காத எடம் எதுனா இருக்குதா பாரு சாமி" என்றாள். இருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அவர் இன்னும் கை வைத்திருக்கவில்லை.

காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மச்சான் அவர் கேட்பதற்கு முன்பே, "நான்தானுங்க கெடுத்தேன், அவனில்லீங்க" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து இழைக் குவியலை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் தாளை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்தேன். தறியின் நீளவாட்டு நூலான பாவுக்குப் போடுகிற கஞ்சி நீர்த்திருக்கும் என்பதால் அக்கா பச்சரிசி மாவில் தவிடு சேர்த்துக் கெட்டியாகக் கிண்டியிருந்தாள். தடவினேன். நடுவெல்லாம் ஒரே திட்டு. காயவைத்து, பக்கத்து வீட்டுச் சாயக்காரரின் நீலத் தாழியில் முக்கி எடுத்து, அலசி விரித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

நடுவே கொக்கும் இல்லை, கடலும் இல்லை. வெறும் வெள்ளை. ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன அலைகள், நீலத்தில் வெள்ளையாக, ஒன்று விடாமல் நின்றன.

"கரை நல்லா உழுந்திருக்குதே" என்றார் எதிர்வீட்டுக்காரர். "எத்தனை மொழம் இருக்குதுங்க, வேட்டிக்கு ஆவுமா?"

சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் கரையை வெகுநேரம் பார்த்தார். "துணிக்குத்தான்" என்றார். நான் பெட்டியை எடுக்க எழுந்தேன். "உட்காரு. நான் எழுதி அனுப்பறேன். விடறது என் கையில இல்லை."

அதன் பிறகும் ஐந்து மாதம். கதகாமியையும் துணியையும் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். காலையும் மாலையும் கையெழுத்து. என் கையெழுத்து அந்த நோட்டில் நன்றாகத் திருந்திவிட்டது என்று ரைட்டர் சொன்னார். சில நாள் இரண்டாம் மைல்கல் வரை நடந்து போவேன். கல்லின்மேல் உட்கார்ந்து ஆத்தூர்ப் பக்கம் பார்ப்பேன். தாண்டினால் யாரும் பார்க்கப்போவதில்லை. மச்சானின் தறிச் சத்தம் அங்கே கேட்காது. இருந்தும் திரும்பி வந்துவிடுவேன். கசக்கிய தாள் ஒன்றில் அக்கா எனக்குப் பை தைத்து வைத்திருந்தாள். தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தைத்தாள். எங்கே மாட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் அது ஆணியில் தொங்கியது.

ஒருநாள் விடிகாலை கான்ஸ்டபிள் வந்தார். உத்தரவு வந்துவிட்டது, ஜாமீன்தாரர் வந்து கையெழுத்துப் போட்டால் எனக்கு விடுதலை. சப்-இன்ஸ்பெக்டர் எட்டு மணிக்குள் வெளியூர் கிளம்புகிறார். இப்போது அவரைத் தவறவிட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்.

அந்த நேரம் மச்சான் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டிருந்தார். கஞ்சி போட்ட பாவைக் காய்கிற வரை பிரஷ்ஷால் நீவிக்கொண்டே நடக்க வேண்டும். நின்றால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். முழுப் பாவும் போச்சு. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் எதிர்வீட்டுக்காரர்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிரஷ் நிற்கவில்லை.

நான் போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். "போயிட்டு வாங்க மச்சான்."

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கான்ஸ்டபிளோடு வேகமாக நடந்தார்.

பாவு முப்பது தப்படி நீளம். இந்த முனையிலிருந்து அந்த முனை, அந்த முனையிலிருந்து இந்த முனை. ரோட்டில் ஒரு லாரி போனது. அதே உப்பு லாரியா என்று தெரியவில்லை, எட்டிப் பார்க்க முடியவில்லை.

"அழுத்தாதீங்க பினாங்குக்காரரே, இது காயிதமில்லை" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மச்சான் திரும்பி வந்தபோது கடைசி இரண்டு முழம் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் விரலில் மை. "ஆயிருச்சு மாப்ள" என்றார். பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். பெட்டியை அக்காவிடமே விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது அவர் அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பி வரும்வரை நான் நிற்கவில்லை.